வாடகை ஜெனரேட்டரும் ஒன்பதாம் நிபந்தனையும்

“மின்பிறப்பாக்கியினது புகைக்குழாயின் வாய், ஐம்பது மீற்றர் தூரத்துக்குள் ஆட்கள் புழங்கும் எந்தக் கட்டடத்தின் கூரையை விடவும் உயரத்தில் இருத்தல் வேண்டும்.”

ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சுற்றாடல் உரிமத்தோடு இணைக்கப்பட்டிருந்த நிபந்தனைகளில் இது ஒன்பதாவது. நல்ல நிபந்தனை. எழுதியவருக்குப் புகை எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்திருக்கிறது. மூன்று மொழிகளிலும் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரின் மேசைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்த காலத்தில் நான் கண்ட விதிகளில் அநேகமானவை இப்படித்தான் இருந்தன: பிழையில்லாமல் எழுதப்பட்டு, கைக்கு எட்டாத உயரத்தில், கண்ணாடிக்குள்.

எங்கள் பக்கம் நியமனம் பெற்று வரும் இளம் பரிசோதகர்கள் சிலர், நான் ஓய்வு பெற்ற பிறகும் தேடி வருகிறார்கள். முறைப்பாடு ஒன்றை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கிறார்கள். எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தெரியும்தான். ஆகவே, எந்த நடைமுறையிலும் பிசகாமல் நான் கொண்டுபோன ஒரு முறைப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

தட்டை நிலம்

தலவாக்கலையிலிருந்து உள்ளே திரும்பும் பாதையொன்றில் அந்தத் தோட்டம். பெயர் வேண்டாம். திம்புள்ளப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

எங்கள் மலைகளில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், தட்டையான நிலம் மட்டும் கிடைக்காது. இந்தத் தோட்டத்தில் லொறி திரும்பும் அளவுக்கு ஒரு துண்டு இருந்தது. அதனால் ஸ்டோர் அங்கே. ஸ்டோர் என்றால் எங்கள் ஊரில் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து நிறுக்கும் மடுவமும் அங்கே. புள்ளக்காம்பராவும் அங்கே. வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்தான் புள்ளக்காம்பரா. அதை மடுவத்துக்குப் பக்கத்தில் கட்டியவன் வெள்ளைக்காரன். கொழுந்து நிறுக்க வருகிறபோதே தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிவிடுவாள். அதற்கென்று தனியாக நேரம் கேட்க மாட்டாள். கணக்குத் தெரிந்தவன்.

பிறகு மின்வெட்டு வருஷம் வந்தது. நாட்டில் மின்சாரம் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை. ஆனால் தேயிலைக்கு டொலர் வரும் என்பதால் ஸ்டோர்களுக்கு டீசல் பெர்மிட் கொடுத்தார்கள். அதில் பிழை சொல்ல மாட்டேன். பறித்த கொழுந்து காத்திருக்காது. நேரத்துக்கு அரைபடாவிட்டால் அது குப்பை, அதைப் பறித்தவளின் அன்றைய உழைப்பும் குப்பை.

ஸ்டோருக்குச் சொந்தமாக ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதன் குழாய் கூரைக்கு மேலே போனது. ஒன்பதாம் நிபந்தனைக்கு அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நாள் முழுக்க ஓட்டிப் பழக்கமில்லாத அந்த இயந்திரம் சில வாரங்களிலேயே நின்றுவிட்டது. பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வாங்க டொலர் இல்லை. கொழும்பிலிருந்து வாடகைக்கு ஒன்றைக் கொண்டுவந்து தட்டை நிலத்தில் இறக்கினார்கள். வேறு எங்கே இறக்குவது? அதன் புகைக்குழாய் பக்கவாட்டில், ஆள் நெஞ்சு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் புள்ளக்காம்பராவின் சுவர்.

பனி மூடிய காலைகளில் புகை மேலே ஏறாது. படுத்த மாடு மாதிரி முற்றத்திலேயே கிடக்கும்.

வாசலில் இருந்த பிள்ளை

நான் போனது புகையைப் பார்க்க அல்ல, புள்ளக்காம்பராவின் கக்கூசைப் பார்க்க. வருடாந்தப் பரிசோதனை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட செல்வமலர் என் பின்னாலேயே வந்தார்.

“கக்கூசு நல்லாருக்கு ஐயா. அதை எழுதிட்டீங்கன்னா கொஞ்சம் மேல பாருங்க.”

மேலே கூரை வளையில் ஏணைகள் வரிசையாகத் தொங்கின. சேலைத் துணித் தொட்டில்கள். அடிப்பக்கம் வெள்ளை, மேல் விளிம்பு சாம்பல்.

“நேத்து துவைச்சது. இன்னைக்கு அந்திக்கும் துவைக்கணும். புள்ளைங்க ஒண்ணுக்குப் போனாக்கூட இம்புட்டு துவைச்சதில்ல.”

“ஜன்னலைத் திறந்து வைக்கலாமே.”

“தொறந்தா பொகை வருது. சாத்துனா வந்த பொகை வெளிய போவ மாட்டேங்குது. தாய்மாருங்களுக்கு பனின்னாதான் பயம். தொறந்து வச்சிருக்கிறதைப் பாத்தா என்னைய சண்டைக்கு வர்றாங்க. அந்தா, மேல அடைச்சிருக்கு பாருங்க, அதுவும் அவுங்க வேலைதான்.”

சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையில் எப்போதும் ஒரு சாண் இடைவெளி இருக்கும். காற்றுப் போக வழி அது ஒன்றுதான். அதைத் தேயிலைச் சாக்கால் இறுக்கி அடைத்திருந்தார்கள். இருமல் என்றால் பனி, பனி என்றால் கதவைச் சாத்து. இது எங்கள் மலையில் எல்லா வீட்டுப் பாடம். பிள்ளைகள் அதிகம் இருமினார்கள். தாய்மார் அதிகம் அடைத்தார்கள். இன்னும் அதிகம் இருமினார்கள். மேலும் இரண்டு சாக்கு ஏறியது.

மற்றப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் வாசற்படிக்கு உட்புறம், கதவு இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்கியது. இன்னும் மூன்று வயதாகவில்லை.

“இது சஞ்சனா. அங்கனதான் இருப்பா. உள்ள வந்து வெளையாடும்மான்னா வரமாட்டா,” என்றார் செல்வமலர்.

அந்த அறையில் காற்று எங்கே வருகிறது என்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். நான் பயிற்சியில் படித்த பாடம் அது.

அந்த நேரம் கொழுந்து நிறுக்க வந்த தாய்மார் உள்ளே வந்தார்கள். சஞ்சனாவின் தாய் புஷ்பராணி கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்காமலேயே பிள்ளையைத் தூக்கினாள். புருஷனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை.

“பெரியாஸ்பத்திரில மூணு தரம் வார்டுல வச்சிருந்தாங்க ஐயா. அங்க இருக்கையில நல்லா இருக்கா, சிரிக்கிறா, சோறு திங்கிறா. இங்கின கூட்டியாந்தா திரும்ப இழுக்குது. ஆஸ்பத்திரி தண்ணி அவளுக்கு ஒத்துக்குது போல.”

“தண்ணி இல்லம்மா,” என்றேன்.

முற்றத்தைக் காட்டினேன். அவள் ஜெனரேட்டரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மேலே அடைத்திருந்த சாக்கைப் பார்த்தாள். அதில் ஒன்று அவள் கொண்டுவந்தது.

“அப்ப அந்தக் கொழாயை திருப்பச் சொல்லுங்க,” என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். தான் மலையில் நிற்கும் நேரத்தில் தன் பிள்ளை மூச்சு விடுவதற்கு ஒரு அறை.

நான் வெளியே வந்து, வெள்ளைக் கைக்குட்டையால் ஜன்னல் கட்டையைத் துடைத்தேன். கரி அப்படியே வந்தது. மடித்து வைத்துக்கொண்டேன். கைக்குட்டை ஓர் அளவுகருவியாக எந்தச் சுற்றறிக்கையிலும் ஏற்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும்.

டீமேக்கரும் துரையும்

ஸ்டோருக்குப் பொறுப்பானவர் டீமேக்கர் ராஜமாணிக்கம். கெட்டவரல்ல. என்னைக் கண்டதும் அவரே தொடங்கினார்.

“தெரியும் இன்ஸ்பெக்டர், எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். மேல ஏத்த கிரேன் வேணும். கீழ எறக்குனா லொறி வராது. நீங்களே ஒரு எடம் காட்டுங்க, ஆளுங்கள விட்டு இப்பவே தள்ளுறேன்.”

“குழாயை மட்டும் நீட்டிக் கூரைக்கு மேலே கொண்டுபோங்கள்.”

“வாடகை மெஷினுங்க. அதுல ஒரு ஓட்டை போட்டாலும் அக்ரிமென்டு முறிஞ்சிரும். அவன் மெஷினைத் தூக்கிட்டுப் போனா இந்த ஜில்லாவுல வேற கெடைக்காது. தொரைகிட்ட பேசுங்க.”

தோட்ட நிர்வாகியான பெரிய துரை சிங்களவர். தோட்டத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். உரிமத்தின் பிரதி மேசையில் தயாராக இருந்தது.

“இந்தா இன்ஸ்பெக்டர், உங்க ஒம்பதாம் நம்பரு. படிங்க. இது லைசன்ஸ்ல உள்ள மெஷினுக்கு. முத்தத்துல நிக்கிறது லைசன்ஸ்ல இல்லையே.”

“லைசன்ஸில் இல்லாத மெஷினை ஓட்டக் கூடாதே, சேர்.”

“அப்ப லைசன்ஸ்ல போட்டுக் குடுங்க. நான் வேணாம்னா சொன்னேன்? போட்ட மறுநாள் கொழாயை ஒசத்துறேன். அதுக்கு முந்தி ஒசத்துனா கொழும்புல கேப்பானுங்க, எந்த ரூலுக்கு இந்தச் செலவுன்னு. நான் என்ன சொல்ல? ஒரு கைக்குட்டையைக் காட்டவா?”

கைக்குட்டை விஷயம் எனக்கு முன்பே ஒபிசுக்குப் போய்விட்டது. தோட்டத்தில் புகையை விட வேகமாகப் போவது செய்தி ஒன்றுதான்.

அவர் சொன்னதில் நடைமுறைப் பிழை ஏதும் இல்லை. இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

அளக்க முடியாத புகை

புதிய இயந்திரத்தை உரிமத்தில் சேர்க்க அதன் புகையை அளக்க வேண்டும். அளப்பது மாவட்டச் சுற்றாடல் அலுவலகத்தின் வேலை. எழுதினேன், நினைவூட்டினேன், நேரில் போனேன். கடைசியில் ஒரு காலை நதீஷா என்ற இளம் உத்தியோகத்தர், மடியில் கருவியை வைத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். அலுவலக வாகனத்துக்கு டீசல் இல்லை.

கருவியைத் திறந்து வைத்ததும் அவர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, “மாத்தயா, பிளக் எங்கே?”

அப்போது மின்வெட்டு. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றார் ராஜமாணிக்கம். நதீஷா கருவியோடு வந்த அறிவுறுத்தலைக் காட்டினார்: ஜெனரேட்டர் மின்சாரத்தில் இயக்கினால் அளவு செல்லாது, கருவிக்கும் பொறுப்பில்லை. சரி, கரண்ட் வரட்டும், வந்த பிறகு ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். ராஜமாணிக்கம் உள்ளே போய் டீசல் பெர்மிட்டைக் கொண்டுவந்தார். மின்வெட்டு நேரம் தவிர்ந்த வேளையில் ஜெனரேட்டர் இயக்கினால் பெர்மிட் ரத்து.

“பத்து நிமிசத்துக்காக இதை வெட்டினாங்கன்னா, நாளைக்கு வர்ற கொழுந்தை நான் எங்கனங்க கொட்டுறது?”

கருவிக்குக் கரண்ட் இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்குக் கரண்ட் இருக்கக் கூடாது. மூவரும் முற்றத்தில் நின்று யோசித்தோம். மூன்று அலுவலகங்கள் தனித்தனியே எழுதிய மூன்று நல்ல விதிகள், இந்த முற்றத்தில்தான் முதன்முறையாக ஒன்றையொன்று சந்தித்தன. பேட்டரியில் ஓடும் கருவி கொழும்பில் ஒன்று இருக்கிறது, பழுது, திருத்தியதும் அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்றார் நதீஷா. எழுதினார் என்றுதான் நம்புகிறேன்.

புறப்படும்போது அவர் இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை அளக்கவா வேண்டும், பார்த்தாலே தெரிகிறதே,” என்றார்.

“பார்த்தாலே தெரிகிறது என்பதை எந்த அலகில் எழுதுவீர்கள், மிஸ்?” என்று கேட்டேன்.

இருவரும் சிரித்தோம். கதவு இடுக்கிலிருந்து சஞ்சனா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையின் பெயரில்

அளவு இல்லாமலும் ஒரு முறைப்பாட்டை ஏற்க வழி உண்டு. பாதிக்கப்பட்டவர் பெயர் குறிப்பிட்டு எழுத வேண்டும், வைத்தியசாலைத் துண்டுப் பிரதி இணைக்க வேண்டும். புஷ்பராணியைக் கேட்டேன். நிறுவை முடிந்து கூடையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

“எம் பேரைப் போட்டா கங்காணி நாளைக்கே கொறங்காட்டுப் பக்கம் நெரை குடுப்பாரு ஐயா. கொழுந்தே இல்லாத நெரை. அப்புறம் அன்னாடம் பறிச்சாக வேண்டிய கிலோவுக்கு நான் எங்க போவேன்? புள்ள பேரைப் போடுங்க. அவளுக்கு யாரு நெரை குடுக்கப் போறா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நிரை என்பது ஒவ்வொருத்திக்கும் பறிக்கப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசை. அதை வைத்து ஒருத்தியை உயர்த்தலாம், பட்டினியும் போடலாம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சட்டமும் தடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் சஞ்சனாவின் முழுப் பெயரை எழுதினேன். பாதுகாவலர் என்ற இடத்தில் புஷ்பராணி சின்னதாகக் கையொப்பம் வைத்தாள். பதிவுத் தபாலில் மாவட்டத்துக்கும் கொழும்புக்கும் அனுப்பி, துண்டைக் கோப்பில் ஒட்டினேன்.

பதில் வரும் வரைக்கும் புள்ளக்காம்பராவை மேலே கோயில் மண்டபத்துக்கு மாற்றலாம் என்று யோசனை சொன்னேன். துரை சம்மதித்தார், கோயில் கமிட்டியும் சம்மதித்தது. மறுத்தவர்கள் தாய்மார்.

“கோயிலுக்கு ஏறி எறங்குனா எம்புட்டு நேரம்னு ஐயாவுக்குத் தெரியுமா? பால் குடுத்துட்டு மலைக்குப் போறதுக்குள்ள அடுத்த நிறுவை வந்துரும். அரைப்பேரு போட்டுருவாங்க,” என்றாள் ஒருத்தி. அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

புஷ்பராணி மட்டும் ஏறத் தயாராக இருந்தாள். ஒரு பிள்ளைக்காக ஒரு மண்டபத்தைத் திறந்து ஒரு ஆயாவை வைக்க எந்தச் சுற்றறிக்கையிலும் இடமில்லை. சில நாள் அவள் வேலைக்குப் போகாமல் பிள்ளையோடு லயத்து வீட்டில் இருந்து பார்த்தாள். எத்தனை நாள் இருக்க முடியும்? திரும்ப வந்தாள்.

கூரையிடுக்குச் சாக்குகளை எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது. பிறகு குளிர் காற்று வந்தது, ஒரு சாக்கு ஏறியது.

வயர்

ஒரு முற்பகல், நிறுவை நேரம். நானும் அங்கே இருந்தேன். சஞ்சனாவுக்கு மூச்சு இழுத்து உதடு நீலமாகிவிட்டது. புஷ்பராணி அவளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினாள். டிஸ்பென்சரியில் மூச்சு மருந்து கொடுக்கும் மெஷின் இருக்கிறது. கரண்ட் இல்லை. மருந்துக்காரர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ராஜமாணிக்கம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஸ்டோரில் இருந்த நீண்ட வயர்ச் சுருளை இரண்டு பேரிடம் கொடுத்து முற்றத்தைக் கடந்து ஓடவிட்டார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை டிஸ்பென்சரி ஜன்னல் வழியாக உள்ளே. மெஷின் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதடு சிவந்தது. புஷ்பராணி ராஜமாணிக்கத்தின் காலில் விழப் போனாள்.

“ஏய், எந்திரி. புள்ளையப் பாரு,” என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

துரை நேரில் வந்து பார்த்தார். அந்த வயரை நிரந்தரமாக்கச் சொன்னார். தோட்டத்துச் சங்கத் தலைவர் நன்றி சொன்னார். நானும் சொன்னேன். இப்போது யோசித்தாலும் அன்று நன்றி சொன்னதில் தவறில்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு பிரதி வந்தது. தோட்ட நிர்வாகம் சுற்றாடல் அலுவலகத்துக்கு எழுதியது. மேற்படி ஜெனரேட்டர் இப்போது ஒரு மருத்துவ நிலையத்துக்கு மின்சாரம் வழங்குகிறது. ஆகவே அது அத்தியாவசிய மருத்துவத் தேவைக்கான தற்காலிக ஏற்பாடாகக் கருதப்பட்டு, உரிம நிபந்தனைகளிலிருந்து விலக்கப்பட வேண்டும். ஆதாரமாக, குறித்த தினத்தில் ஒரு சிறு பிள்ளையின் உயிர் காப்பாற்றப்பட்டமை. பிள்ளையின் பெயர், சஞ்சனா.

அருமையான கடிதம். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அது வரைக்கும் கொழுந்து இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனரேட்டர் ஓடாது. இனி டிஸ்பென்சரிக்காக மின்வெட்டு நேரமெல்லாம் ஓடியாக வேண்டும். பிள்ளைகளுக்கு மூச்சடைக்க வைக்கும் அந்தப் புகையை விட்டுக்கொண்டு ஓடும் இயந்திரம்தான் மருந்து மெஷினையும் ஓட்டும். எந்த நாளில் எந்தப் பிள்ளைக்கு வேண்டிவரும் என்று சொல்ல முடியாது. நிறுத்துங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை, புஷ்பராணிக்கும் இல்லை.

“ஐயா, இனிமே நிப்பாட்டச் சொல்லாதீங்க,” என்றாள் அவளே. “ஓடட்டும். கொழாயை மட்டும் திருப்பச் சொல்லுங்க.”

மழை

ஆடி மாதக் காற்றும் மழையும் தொடங்கியபோது சஞ்சனாவை மறுபடியும் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த முறை ஆஸ்பத்திரித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறாம் நாள் இறந்துபோனாள்.

மரணச் சான்றிதழில் நியூமோனியா என்று இருந்தது. நான் வைத்தியன் அல்ல. அந்த மழையில் ஜெனரேட்டர் இல்லாத தோட்டங்களிலும் பிள்ளைகளுக்கு நியூமோனியா வந்தது. புகைதான் கொன்றது என்று நான் எங்கும் எழுதவில்லை, இங்கும் எழுதவில்லை. அவள் கடைசி மாதங்களை எங்கே உட்கார்ந்து கழித்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்கும் அலகு இல்லை.

செல்வமலர் அவளுடைய ஏணையை அவிழ்த்துத் துவைத்து மடித்து வைத்தார். பிள்ளைகளின் வரவைப் பதியும் இடாப்பில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ‘நீக்கம்’ என்று எழுத வேண்டும். அதுதான் முறை. “நீங்களே எழுதிருங்க ஐயா,” என்று இடாப்பை என்னிடம் நீட்டினார். அது என் வேலையல்ல. எழுதினேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து புஷ்பராணி பெரட்டுக்கு வந்தாள். காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரிப்பதற்குப் பெயர் பெரட்டு. அன்று வேறு வேலையாக நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். கங்காணி தடுக்கவில்லை.

“அந்தக் கடுதாசிக்குப் பதில் வந்துச்சாங்களா?”

“இல்லம்மா.”

“வந்தா சொல்லுங்க.”

“இனி அது எதற்கம்மா?”

“எம் புள்ள பேரு போட்டு வர்ற கடுதாசி ஐயா அது,” என்றாள். “வேற எதுவும் வராதே.”

கோப்பு

அந்த வருஷக் கடைசியில் அறுபது வயதான எல்லோரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானும் போனேன். புது வருஷத்தில் கரண்ட் கட்டணம் ஏறியது, மின்வெட்டு நின்றது. வாடகை ஜெனரேட்டர் வந்த வழியே லொறியில் ஏறிப் போனது. புள்ளக்காம்பராவின் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். ஸ்டோரின் பழைய ஜெனரேட்டருக்குப் பாகம் வந்து சேர்ந்தது. குழாய் கூரைக்கு மேலே. ஒன்பதாம் நிபந்தனை மீண்டும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் என் இடத்துக்கு வந்த பையன் ஒரு நீளமான உறையோடு என் வீட்டுக்கு வந்தான். உறையின் மேல் ‘செல்வி’ என்று போட்டு சஞ்சனாவின் முழுப் பெயர். பரிசோதகர் ஊடாக என்று கீழே. கடிதம் சிங்களத்தில் இருந்தது. விஷயம் இது: முறைப்பாடு கவனமாக ஆராயப்பட்டது. பாதிக்கப்பட்டவராகக் குறிப்பிடப்பட்டவரின் பெயர் மேற்படி நிலையத்தின் வரவு இடாப்பிலிருந்து நீக்கப்பட்டிருப்பதாகத் தோட்ட நிர்வாகம் அறிவித்துள்ளது. குறித்த இயந்திரமும் அகற்றப்பட்டுள்ளது. ஆகவே முறைப்பாட்டுக்கான காரணம் தற்போது இல்லாமையால் கோப்பு மூடப்படுகிறது.

நீக்கம் என்று எழுதியது என் கையெழுத்து.

இளம் பரிசோதகர்களுக்குப் பாடம் ஒன்று வேண்டும் அல்லவா, இதுதான். முறைப்பாட்டில் பாதிக்கப்பட்டவர் என்று ஒரே ஒருவருடைய பெயரை எழுதாதீர்கள். புள்ளக்காம்பராவில் இருக்கும் அத்தனை பிள்ளைகளின் பெயரையும் எழுதுங்கள். அப்போது கோப்பை மூடக் கொஞ்சம் அதிக காலம் எடுக்கும். இதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை. நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன், எல்லோரும் முறைப்படி செய்தார்கள். இரண்டு ஆளும் ஒரு தகர வளைவும் இருந்திருந்தால் அரை மணியில் திரும்பியிருக்கும் குழாய், அது போகும் நாள் வரைக்கும் அதே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அந்திநேரம் புஷ்பராணியின் லயத்துக்குப் போனேன். கொழுந்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் உறையை வாங்கினாள். கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்றுமில்லை. அவள் அதைக் காதில் வாங்கினாளோ தெரியாது.

“இதுல அவ பேரு எங்கன இருக்கு?”

விரல் வைத்துக் காட்டினேன். அதே இடத்தில் அவளும் விரலை வைத்துப் பார்த்தாள்.

“சிங்களத்துல எம்புட்டு நீளமா இருக்கு,” என்றாள். பிறகு மடித்து உறைக்குள் போட்டாள்.

“இது என்னைக்கு வந்துச்சு ஐயா? தேதி எழுதி அவ படத்துக்குப் பின்னால இதை வைக்கணும். ஒரு பேனா இருந்தா நீங்களே போட்டுக் குடுத்துருங்க.”

சட்டைப் பையில் பேனா இருந்தது. உறையின் மூலையில், அலுவலகத்தில் தபால் பதிவது போலவே எழுதிக் கொடுத்தேன்: கிடைத்தது, மார்ச் மாதம் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை.